கழுத்துவரை நிறைந்த புட்டிகள்

அண்ணன் கேட்டது ஒரே ஒரு பெக். அதுவும் அப்பா விட்டுப்போன விஸ்கியில்.

இனிப் பத்தியம் எதுவும் வேண்டாம், வாய் கேட்பதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அத்தனை உயரத்திலிருந்து கீழே நிற்பவர்களை அதட்டிய குரல் இப்போது போனில் பாதி காற்றாக வந்தது.

"டேய், அலமாரியில இருக்கே, அதுல ஒண்ணை எடுத்துட்டு வா. ஊறினது போதும்டா. இன்னும் ஊறணும்னா நான் இருக்க மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை கொண்டாறேன்ணே" என்றார் தம்பி. சொல்லும்போது அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு நாள் வைத்திருந்ததற்கு ஒரு முடிவு வந்தது என்று நினைத்தார்.

தம்பிக்கு வேலை மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது. தெருவில் எல்லோருக்கும் அவர் பாலிஷ்காரர்தான். அப்பாவும் அதே வேலை. மாடிப்படிக்குக் கீழே சரிவான கூரையுள்ள ஒரு அறைதான் பட்டறை. நிமிர்ந்து நிற்க முடியாத மூலையில் புட்டிகள் வரிசையாக இருக்கும். அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வடிகட்டி, பஞ்சை மெல்லிய பருத்தித் துணியில் உருண்டையாகக் கட்டி, அதில் நனைத்து மரத்தில் தேய்க்க வேண்டும். தேய்க்கும் கை மரத்தின் மேல் எங்கும் நிற்கக்கூடாது. நின்றால் அந்த இடம் தழும்பாகிவிடும். நாற்காலிக் கால், பியானோ மூடி, அலுவலக மேசை, சவப்பெட்டி என்று எதுவாக இருந்தாலும் அவருக்கு ஒரே பொறுமைதான்.

இந்த வேலை அவர் மூக்கை வாங்கிக்கொண்டது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் சோப்பு வாசனை போனது, பிறகு காபி, கடைசியில் ஸ்பிரிட்டின் நெடியே தெரியாமல் போனது. "பால் பொங்கி, வழிஞ்சு, தீஞ்சு, பக்கத்து வீட்டுக்காரங்க ஓடி வந்து கதவைத் தட்டினாலும் இவர் அடுப்புப் பக்கத்துல மகாராஜா மாதிரி உக்காந்திருப்பார்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

அப்பா குடித்தவர் இல்லை. ஊரில் ஒரு பெரிய கிளப் இருந்தது. அங்கே மது ஊற்றிக் கொடுக்கும் நீண்ட மரமேடைக்கு வருடா வருடம் அவர்தான் பாலிஷ் போடுவார். வேலை முடிந்த அன்று கிளப் மேலாளர் மேடையில் குனிந்து தன் முகத்தைப் பார்த்துத் தலையைத் தடவிக்கொண்டு, கூலியோடு ஒரு புட்டி விஸ்கியும் கொடுத்து அனுப்புவார். கிளப்பை இடிக்கும்வரை அது நடந்தது. சிலதை அப்பா வேண்டியவர்களுக்குக் கொடுத்தார். மீதி ஏழு புட்டிகள் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் நின்றன. பிள்ளைகள் வளர்ந்ததே அந்தப் புட்டிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான்.

மூத்தவன் பட்டறைக்கு வர மறுத்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனான். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது, "கிரேன்ல ஏறிக் காட்டு. நீ மேல ஏறு, நான் புட்டி மூடியைத் தொறக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் ஏறுவதற்கு வெகுகாலம் ஆனது. அதற்குள் தம்பிக்கே கல்யாணம் ஆகிவிட்டது. ஒருவழியாகக் கிரேன் கிடைத்த அன்று அண்ணன் நாலு கண்ணாடித் தம்ளர்களைப் புதிதாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அப்பா அலமாரியைப் பார்த்தார், தம்ளர்களைப் பார்த்தார். "இன்னும் ஊறட்டும்டா" என்றார்.

அப்புறம் எப்போது கேட்டாலும் அதே பதில். அண்ணனுக்குப் பையன் பிறந்தபோதும், அண்ணன் ஓய்வு பெற்றபோதும் அதுதான். "என் விஷயம்னா மட்டும் இவருக்குக் கை வராது" என்பார் அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். தம்ளர்களை மட்டும் திருப்பி எடுத்துப்போகவில்லை. அப்பா போன பிறகு புட்டிகள் தம்பி வீட்டிலேயே இருந்தன. அண்ணனும் கேட்கவில்லை. கேட்டு வாங்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம். இப்போது அதையும் விட்டுவிட்டு வாய்திறந்து கேட்டுவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் பாலிஷ்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, புட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி மேசையில் வைத்தார். ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாம் கழுத்துவரை நிறைந்திருந்தன. அண்ணனுக்குக் கொடுக்க அழகாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது.

பிறகு ஏழையும் வரிசையாக நிறுத்தி, மேசை மட்டத்துக்குக் குனிந்தார். ஏழிலும் ஒரே மட்டம். நூல் பிடித்த மாதிரி.

அது அவருக்குப் பிடிக்கவில்லை. என்னதான் இறுக்கி மூடினாலும் ஸ்பிரிட் ஆவியாகிப் போகும். பட்டறைப் புட்டிகளில் தினமும் பார்க்கிறார். விஸ்கி மட்டும் போகாதா? இத்தனை காலத்தில் ஒன்றில் ஒரு விரல், இன்னொன்றில் ரெண்டு விரலாவது இறங்கியிருக்க வேண்டும்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூடிகளைப் பார்த்தார். மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் தேன் நிறத்தில் ஒரு பூச்சு இருந்தது. நகத்தால் சுரண்டினார். அரக்கு. ஒரு பூச்சு இல்லை, காயவிட்டுக் காயவிட்டுப் பல தடவை பூசியது. சுற்றி வந்த பூச்சு எங்கே தொடங்கியது என்று தேடினார். கண்டுபிடிக்க முடியவில்லை. தொடங்கிய இடம் தெரியாமல் முடிப்பது அப்பாவின் கை. இவருக்கு இன்றுவரை அது வரவில்லை.

"இதையெல்லாம் அப்பா தொறந்திருக்கார்" என்றார் உள்ளே பார்த்து.

மனைவி துணி மடித்துக்கொண்டே வந்தாள். "ஆமா, தொறப்பாரே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கல்யாணமாகி வந்த புதுசுல பாத்திருக்கேன். ஞாயித்துக்கிழமையானா எல்லாத்தையும் இறக்கி வெச்சு, சின்னப் புனலைச் சொருகி ஊத்திட்டு இருப்பார். 'என்ன மாமா பண்றீங்க'ன்னு கேட்டேன். 'குறையுதும்மா, குறைய விடக்கூடாது'ன்னார்."

"எதை ஊத்தினார்?"

"அதை நான் எங்க கவனிச்சேன்? தண்ணி மாதிரி இருந்துச்சு. தண்ணியாத்தான் இருக்கும்."

பாலிஷ்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவுக்கு எதுவும் குறைந்து நிற்கக்கூடாது. பட்டறையில் அரக்குப் புட்டிகளில் நாளாக நாளாக ஸ்பிரிட் பறந்து சரக்கு கெட்டியாகும். அதனால் வாரம் ஒருநாள் எல்லாப் புட்டிக்கும் ஸ்பிரிட் விட்டு மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். அப்பா அதைச் செய்வது ஞாயிற்றுக்கிழமைகளில். அதே கை, அதே புனல். வீட்டு அலமாரியிலும் புட்டிகள் குறைவதைப் பார்த்திருக்கிறார். தண்ணீர் ஊற்றியிருப்பாரா? ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் பாலிஷ் வெளுத்துப்போகும். பட்டறைக்குள் தண்ணீர்ச் செம்பைக்கூட வைக்க விடாத மனிதர். அவர் ஸ்பிரிட் சேர்ந்த ஒரு பொருளில் தண்ணீரை ஊற்றுவாரா? அந்தக் காலத்து ஸ்பிரிட்டும் தண்ணீர் மாதிரி நிறமில்லாமல்தான் இருந்தது. குடிக்காத மனிதருக்கு விஸ்கியும் ஸ்பிரிட்டும் சொந்தக்காரர்கள்தானே.

ஆனால் பாலிஷ் ஸ்பிரிட்டை யாரும் குடித்துவிடக் கூடாது என்று விஷம் கலந்துதான் விற்பார்கள்.

"சீட்டிக்குக் கண்ணு போச்சே, அதுக்கு அப்புறமும் ஊத்தினாரா?" என்று கேட்டார்.

மனைவி மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு யோசித்தாள். "இல்ல. அதுக்கப்புறம் பாத்த ஞாபகமே இல்ல."

சீட்டி என்பது பட்டறையில் கூட வேலை பார்த்தவரின் பட்டப்பெயர். தேய்க்கும்போது சீட்டியடித்துக்கொண்டே தேய்ப்பார். பாட்டின் வேகத்துக்குக் கை போகும். ஒரு விடுமுறை நாளில் பாலிஷ் ஸ்பிரிட்டில் சர்பத்தைக் கலந்து குடித்துவிட்டார். மறுநாள் காலையில் எழுந்து, "ஏன் இன்னும் விடியல?" என்று கேட்டாராம். அப்பா அவரைப் பட்டறையை விட்டு அனுப்பவில்லை. வாசல் ஓரமாக உட்காரவைத்து, மரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கும் வேலையைக் கொடுத்தார். தடவிப் பார்த்தே நன்றாகத் தேய்ப்பார். சீட்டியடிப்பது மட்டும் நின்றுபோனது.

அது எப்போது நடந்தது என்று பாலிஷ்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அண்ணன் தம்ளர்களோடு வந்து நின்ற மாதத்துக்கு முந்தின மாதம்.

அதற்குப் பிறகுதான் அப்பா அரக்கு பூசியிருக்க வேண்டும். யாரும் திறக்காமல் இருப்பதற்கு. குடிக்காதே என்று பிள்ளையிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான். கொட்டவும் மனம் வரவில்லை. இன்னும் ஊறட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அல்லது இதெல்லாம் இவராகவே கட்டிக்கொண்ட கதையோ? அப்பா நிஜமாகவே தண்ணீர் ஊற்றியிருந்தால்? ஏழில் ரெண்டில் மட்டும் ஊற்றியிருந்தால்? யாரைக் கேட்பது? அப்பா இல்லை, சீட்டியும் இல்லை. முகர்ந்து பார்க்கலாம் என்றால் மூக்கும் இல்லை. பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்தார். முடிவு வர மூன்று வாரமாவது ஆகும் என்றார்கள். அண்ணனுக்கு டாக்டர் அவ்வளவு கூடச் சொல்லவில்லை.

"நீ கொஞ்சம் மோந்து பாரேன்" என்றார் மனைவியிடம்.

"நான் விஸ்கியை எங்க கண்டேன், ஸ்பிரிட்டை எங்க கண்டேன்? எனக்கு ரெண்டும் உங்க சட்டை நாத்தம்தான்." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "புதுசா ஒண்ணு வாங்குங்க. அங்க சமையக்கட்டுல வெச்சு மாத்தி ஊத்திக் குடுத்துடுங்க. சாதா மரத்தைத் தேக்குன்னு காட்டுற கைதானே?"

"அது வாங்குறவனுக்குத் தெரிஞ்சு செய்யறது."

"இது அவருக்குத் தெரியாம இருந்தா நல்லது."

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. கடைக்குப் போய், நல்லதாகக் கேட்டு, புதிய புட்டி ஒன்று வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அதையும் அப்பாவின் ஏழு புட்டிகளில் ஒன்றையும் ஒரே பையில் துண்டு சுற்றிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வேலைச்சாமான் பை எப்போதும்போலத் தோளில் இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் புட்டிகள் மெதுவாக இடித்துக்கொண்டன.

அண்ணன் வீட்டில் கட்டிலை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். படுத்தபடியே துறைமுகத்துக் கிரேன்களின் மேல்பாதி தெரியும். அண்ணி கட்டிலுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அந்த ஸ்டூல் அங்கேயே இருந்து இருந்து தரையில் நாலு வட்டம் விழுந்துவிட்டது.

"வாங்க தம்பி. காலையிலேருந்து வாசலையே பாத்துட்டு இருக்கார். கல்யாணத்தப்பகூட எனக்காக இப்படிக் காத்திருந்ததில்ல."

"அன்னிக்கு நீ வராம போயிடுவியான்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு" என்றார் அண்ணன். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அடங்கியதும், "எங்கடா?" என்றார்.

"சமையக்கட்டுல ஊத்தி எடுத்துட்டு வரேன்ணே."

"சமையக்கட்டுல என்ன ஊத்துறது? மருந்தா? இங்க வை. என் கண்ணு முன்னாடி தொற. அவர்தான் தொறக்கல, நீயாவது தொற."

பாலிஷ்காரர் பைக்குள் கைவிட்டார். புதிய புட்டி கையில் பட்டது. அதை விட்டுவிட்டுப் பழையதை எடுத்தார். அண்ணன் கைநீட்டி அதை வாங்கி, மார்பில் சாய்த்து வைத்துக்கொண்டு லேபிளைத் தடவினார். அண்ணி உள்ளே போய் நாலு தம்ளர்களில் ஒன்றைக் கழுவிக்கொண்டு வந்தாள். அந்தத் தம்ளர்தான் என்று தம்பிக்குப் பார்த்ததும் தெரிந்தது. தன் வீட்டில்தானே அவை இருந்தன? எப்போதோ அண்ணி கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள்.

கத்தியால் அரக்கைச் சீவினார். சில்லு சில்லாகப் படுக்கையில் விழுந்தது. மூடி திரும்பியது. ரெண்டு விரல் ஊற்றினார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அண்ணன் தம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல மோந்து பாருங்கண்ணே" என்றார். அது மட்டும்தான் சொல்ல முடிந்தது.

அண்ணன் தம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். வெகுநேரம் அப்படியே இருந்தார். முகத்தில் இருந்த வலி கொஞ்சம் விலகினாற்போல் இருந்தது.

"டேய்" என்றார். "அப்பாடா."

"என்னண்ணே?"

"அப்பா வாசனைடா. அச்சு அசலா. சாயங்காலம் பட்டறையிலேருந்து வந்து குனிஞ்சு செருப்பைக் கழட்டுவாரே, அப்ப வருமே. பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்குடா."

தம்ளர் உதட்டை நோக்கிப் போனது.

அப்பாவின் மேல் விஸ்கி வாசனை ஒருநாளும் வந்ததில்லை. என்ன வாசனை வந்தது என்று தம்பிக்குத் தெரியும். அவர் கை தானாக நீண்டு தம்ளரின் வாயைப் பொத்தியது. கொஞ்சம் சிந்தி, அண்ணனின் சட்டையில் விழுந்தது.

"என்னடா பண்றே?"

"குடிக்காதீங்கண்ணே. அதுல ஸ்பிரிட் கலந்திருக்கு. நம்ம பாலிஷ் ஸ்பிரிட்."

எல்லாவற்றையும் சொன்னார். மட்டம், அரக்கு, புனல், சீட்டி, கிரேன் கிடைத்த மாதம் என்று வரிசையாகச் சொன்னார். அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அதுக்காகத்தான் தொறக்கலையா?"

"அப்படித்தான்னு நினைக்கிறேன். நிச்சயமாத் தெரியல."

"சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்லுவார்?"

அண்ணன் தம்ளரைப் பிடித்த பிடியை விடவில்லை. தம்பியின் கை அதன் மேலேயே இருந்தது.

"கையை எடு" என்றார் கடைசியில்.

"அண்ணே, கண்ணு போயிடும்."

"போனா போகுது. இனிமே பாக்க என்னடா மிச்சம்? உன் மூஞ்சியா? நான் எல்லாம் பாத்தாச்சு. விடுடா."

பலமில்லாத கைதான். ஆனாலும் இழுத்தார். தம்பியும் விடவில்லை. வயதான ரெண்டு பேர் ஒரு தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பறித்துவிடலாம், அதற்கு ஒரு நொடி போதும். பறிக்கவும் அவரால் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அண்ணி எழுந்திருக்கவில்லை. ஸ்டூலில் இருந்தபடியே, "அப்ப நான் எதுக்கு இங்க உக்காந்திருக்கேன்?" என்றாள்.

அண்ணன் அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிடி தளர்ந்தது.

தம்பி தம்ளரை வாங்கி மேசையில் வைத்தார். பையிலிருந்து புதிய புட்டியை எடுத்து நீட்டினார். "இது நல்லதுண்ணே. இதுல ஒரு பெக் ஊத்தட்டுமா?"

"அது கடையில எப்பவும் இருக்கும்டா" என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கையை மட்டும் நீட்டினார். "அந்தத் தம்ளரைக் குடு. குடிக்க மாட்டேன். சும்மா வெச்சுக்கறேன்."

கொடுப்பதா? அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்தான். ஆனால் வலி வரும்போது மனிதன் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்? அண்ணி கண் அசந்துவிட்டால்?

பாலிஷ்காரர் தோள்பையைத் திறந்தார். பஞ்சை எடுத்தார். வெள்ளைத் துணியை உதறி, பஞ்சை உள்ளே வைத்து, முறுக்கி உருண்டையாகக் கட்டினார். மெழுகு வைத்திருந்த சின்னத் தகர டப்பாவைத் துடைத்துச் சுத்தம் செய்து, உருண்டையை அதில் வைத்து, தம்ளரில் இருந்ததை ஒழுகாத அளவுக்கு ஊற்றினார். மீதியைக் கழுவுதொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். டப்பாவைக் கொண்டுவந்து அண்ணனின் தலையணை ஓரத்தில் வைத்தார்.

அண்ணன் அதன் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். "இதைத்தான் வாழ்நாள் பூரா தேச்சீங்களா ரெண்டு பேரும்?"

"ஆமாண்ணே."

"உனக்கு இந்த வாசனை வருதா?"

பாலிஷ்காரர் குனிந்து முகர்ந்தார். வேண்டுமென்றே ஆழமாக இழுத்தார். ஈரக்காற்று போனது, அவ்வளவுதான். "இல்லண்ணே."

"பாவம்டா நீ" என்றார் அண்ணன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனார். அண்ணனுக்குப் பேச்சு இன்னும் குறைந்திருந்தது. தம்பியைப் பார்த்ததும் விரலால் டப்பாவைத் தட்டினார். உருண்டை காய்ந்து கிடந்தது. தம்பி பையிலிருந்து பழைய புட்டியை எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டு நனைத்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு அவருக்கு இடம் கொடுத்தாள். புதிய புட்டி திறக்கப்படாமல் அலமாரியில் மருந்துகளுக்கு நடுவே நின்றது.

அன்று திரும்பி வந்ததும் பழைய புட்டியை மற்ற ஆறுக்கும் பக்கத்தில் வைத்தார். ஆறும் கழுத்துவரை நிறைந்திருந்தன. இது மட்டும் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"சாப்பிட வாங்க" என்று மனைவி கூப்பிட்டாள்.

"வரேன்" என்றார். குறைந்து நிற்கும் அந்த மட்டத்தைப் பார்த்தபடி, அலமாரிக் கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தார்.